குறைந்த காசில் கவுண்டர் ரீல்: ஏரியில் தோமான் மீன் இழுக்கப் புதிதாக இறங்குவோருக்கு

மீன்பிடிக் கோலில் மாட்டும் கவுண்டர் ரீல் கயிற்றை அளப்பதில்லை. ஸ்பூல் (கயிறு சுற்றியிருக்கும் உருளை) எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதை அடியாகவோ மீட்டராகவோ மாற்றிக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ரீல் வாங்கும்போதும், கயிறு சுற்றும்போதும், படகில் உட்கார்ந்திருக்கும்போதும் இதை மறக்காமல் இருந்தால் பாதிப் பணம் மிச்சம். எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது, ஒரே தூரத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்பதை. 30 மீட்டருக்கு 104 அடி என்று எப்போதும் தப்பாகவே காட்டும் ரீல் நல்ல ரீல். ஒரு தடவை 98, அடுத்த தடவை 109, அப்புறம் 101 என்று காட்டுவது என்ன விலை போட்டு வாங்கியிருந்தாலும் குப்பை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து சனிக்கிழமை விடியலில் கிளம்பி, கோலகங்சார் தாண்டி செண்டரோ ஏரிக்கோ, இன்னும் மேலே லெங்கோங், கிரிக் வழியாக தெமெங்கோர் ஏரிக்கோ போகிறவர்களுக்கு இந்த எண் ஏன் வேண்டும் என்று சொல்லிவிடலாம். டிரோலிங் என்பது லூரை, அதாவது செயற்கை இரையை, படகுக்குப் பின்னால் விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே போவது. வாயில் தகடு வைத்த லூர், எவ்வளவு கயிறு வெளியே இருக்கிறதோ அதைப் பொறுத்து ஆழம் போகும். 20 மீட்டர் விட்டால் ஓர் ஆழம், 40 மீட்டர் விட்டால் இன்னும் கீழே, அதற்குமேல் விட்டாலும் பெரிதாக இறங்காது. தண்ணீர் கயிற்றையே பிடித்து மேலே தூக்கும். தெமெங்கோர் காட்டை மூழ்கடித்துக் கட்டிய ஏரி. தண்ணீருக்குள் செத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு மீட்டர் கூடுதலாக இறங்கினால் லூர் கிளையில் மாட்டும், ஒரு மீட்டர் குறைந்தால் தோமான் (பெரிய விரால் வகை மீன்) தலைக்கு மேலே போய்விடும். மீன் அடித்த இடத்துக்கு அதே ஆழத்தில் மறுபடி லூரை அனுப்ப வேண்டுமானால் எவ்வளவு கயிறு வெளியே இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கவுண்டர்.

முதலில், ரீலே வாங்க வேண்டுமா?

மாதம் ஒரு தடவை போகிறவர், ஏற்கெனவே நல்ல ரீல் ஒன்று கையில் வைத்திருக்கிறவர் என்றால், பல நிறப் பிரெய்டு (பின்னல் கயிறு) வாங்கிச் சுற்றிக்கொண்டாலே போதும். 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும். பல வகைகளில் 1 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் சின்னக் கோடு போட்டிருப்பார்கள். மூன்று நிறம் போனது, நான்காவதில் பாதி போனது, ஆக 35 மீட்டர். கணக்கு அதோடு முடிந்தது. இது சுற்றை எண்ணுவதில்லை, கயிற்றையே அளக்கிறது. அதனால் மலிவான கவுண்டரைவிடத் துல்லியம். அதன் குறை வேறு: விடியற்காலை இருட்டில் நிறம் தெரியாது, ஓரிரு வருடத்தில் சாயம் வெளுக்கும், நுனியை வெட்டி வெட்டிக் கட்டும்போது தொடக்கம் தள்ளிப்போகும். கோலில் மாட்டும் தனிக் கவுண்டரும் கிடைக்கிறது. கயிறு அதன் சின்னச் சக்கரத்தை உரசிக்கொண்டு ஓடும். ஈரப் பிரெய்டு அதில் வழுக்கும். அதை வாங்க வேண்டாம்.

ஒரே படகில் இரண்டு மூன்று கோல் போடுகிறவர்களுக்கும், இருட்டோடு இறங்குகிறவர்களுக்கும், லுமுட் பக்கம் கடலில் தெங்கிரிக்கு (வஞ்சிரம்) இழுக்கிறவர்களுக்கும் கவுண்டர் ரீல் பயன்படும். மீதிப் பேச்சு அவர்களுக்கு.

காசைப் பிரித்துக்கொள்வது

கையில் 400 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீலுக்கு 250க்கு மேல் போகாதீர்கள். மீதியில் பிரெய்டு, அடியில் சுற்ற மலிவுத் தங்கூசி (ஒற்றை இழை நைலான் கயிறு), லூருக்கு முன்னால் கட்டும் லீடர் துண்டு, படகின் விளிம்பில் இறுக்கும் கோல்தாங்கி ஒன்று. முழுப் பணத்தையும் ரீலில் போட்டுவிட்டு, கயிற்றுக்கு மட்டும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெயர் தெரியாத உருண்டையை வாங்குகிறார்கள்; மீன் போவது அந்தக் கயிற்றில்தான். இரண்டு ரீல் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று அடியிலும் மற்றது மீட்டரிலும் காட்டினால் படகில் கணக்குப் போட்டே பொழுது போய்விடும்.

கடையில் கேட்கக்கூடிய பெயர்கள் சில. ஒகுமாவின் மேக்டா வரிசை தொடக்கக்காரர்களுக்கானது: கிராஃபைட் உடம்பு, பற்சக்கரத்தால் ஓடும் கவுண்டர், அடிக்கணக்கு. அதே கம்பெனியின் கோல்டு வாட்டர் வரிசை அதற்கு ஒரு படி மேலே. டைவாவில் அக்யூடெப்த், சீலைன் என்று இரண்டு வரிசை உண்டு. ஷிமானோவின் டெக்கோட்டா உலோக உடம்புள்ளது. நல்ல ரீல்தான், ஆனால் இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டில் புதிதாகக் கிடைக்காது. பழையது சுத்தமாகக் கிடைத்தால் யோசிக்கலாம். பெயரைவிட முக்கியம், அந்த ஊர்க் கடையில் அதற்கு உதிரி கிடைக்குமா என்பது. கடைத் தவுக்கேயிடம் விலை கேட்பதற்கு முன்னால் "ஸ்பேர் பார்ட் அடா?" என்று கேளுங்கள். குறிப்பாக இரண்டு சாமான்: கயிற்றை இடம் வலமாக அடுக்கும் வழிகாட்டியின் உள்ளே இருக்கும் சின்ன நாக்கு, டிராக்கின் (மீன் இழுக்கும்போது கயிற்றை அளவாக விடும் பிரேக்) வாஷர். மற்ற எது போனாலும் சமாளிக்கலாம். இவை இரண்டும் தேயத்தான் செய்யும். கிடைக்காது என்றால் அந்த ரீல் இரண்டு மழைக்காலத்துச் சாமான்.

பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் கவுண்டர் ரீல்கள் இப்போது நிறைய வருகின்றன. திரை வெளிச்சமாக இருக்கும், மீட்டரில் காட்டும், சிலவற்றில் கயிற்றுக்குத் தக்கபடி அளவைத் திருத்தவும் முடியும். பெரிய கம்பெனிகளின் விலை கூடிய டிஜிட்டல் ரீல்கள் நல்லவை. மலிவு டிஜிட்டலில் தண்ணீர் ஓர வழியாக உள்ளே போனால் திரை செத்துவிடும், பிறகு அதைப் பழுது பார்க்க ஆள் இல்லை. இந்தப் பணத்துக்குப் பல்சக்கரமும் எண் உருளைகளும் உள்ள பழைய மாதிரிதான் சரி.

அளவும் மற்றதும்

ரீலின் பெயருக்குப் பின்னால் வரும் 15, 20, 30, 45 அல்லது 17, 27, 47 என்பவை அளவு எண்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு, ஒன்றை மற்றதோடு ஒப்பிட முடியாது. எண் ஏறினால் ஸ்பூல் பெரிது என்பது மட்டும் பொது. ஏரித் தோமானுக்கு 15 முதல் 27 வரை உள்ள சின்ன அளவுகள் தாராளம். 60 மீட்டர் வெளியே விடுவீர்கள், மீன் அதிகம் போனால் இன்னொரு 50 மீட்டர் இழுக்கும். 150 மீட்டர் நல்ல பிரெய்டு மேலே இருந்தால் போதும். கடலில் தெங்கிரிக்கு 30, 47 என்று போகலாம். தெங்கிரி முதல் ஓட்டத்திலேயே கயிற்றைக் காலி செய்யப் பார்க்கும்.

கியர் விகிதம் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று) 4க்கு 1 முதல் 5க்கு 1 வரை இருந்தால் போதும். 6, 7 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டிரோலிங்கில் வேகமாகச் சுருட்டுவதைவிட, படகு நகர்ந்துகொண்டிருக்கும்போதே கனத்தை இழுத்து வரும் வலுதான் வேண்டும். டிராக் 10 கிலோ, 12 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பதும் அப்படித்தான். 30 பவுண்டு பிரெய்டு என்றால் 13.6 கிலோ. அதில் கால் பங்கு, 3.4 கிலோவுக்கு மேல் டிராக் வைக்கக் கூடாது. 10 கிலோ டிராக்கை வாங்கி என்ன செய்வது? எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு சீராக விடுகிறது என்பதைப் பாருங்கள்.

கடையில் பத்து நிமிடச் சோதனை

ரீலைப் பெட்டியோடு வாங்கி வந்துவிடாதீர்கள். கடையிலேயே வெளியே எடுங்கள். இதற்குக் கயிறு வேண்டாம், காலி ஸ்பூல் போதும், ஏனென்றால் கவுண்டர் எண்ணுவது சுற்றை. ஸ்பூலின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கவுண்டரை 0க்குக் கொண்டுவாருங்கள். நெம்புகோலைத் தட்டி ஸ்பூலை விடுவித்து, கட்டைவிரலால் கயிறு வெளியே போகும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். டேப் துண்டு 20 முறை கடக்கட்டும். இப்போது எண்ணைப் பாருங்கள். நிரம்பிய ஸ்பூல் 50 மி.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ.; 20 சுற்றுக்கு 3 மீட்டர் சொச்சம். அடியில் காட்டும் கவுண்டரில் 10 வரும். பெரிய ஸ்பூலில் கூடுதலாக வரும். வந்த எண் எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நெம்புகோலைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றி அதே 20 சுற்றுகளைத் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள். 0 வர வேண்டும். மூன்று தடவை செய்யுங்கள். மூன்று தடவையும் போகும்போது ஒரே எண், திரும்பும்போது 0 என்றால் கவுண்டரின் பற்கள் பிடிப்பாக இருக்கின்றன. ஓர் எண் முன்பின் பரவாயில்லை. போகும்போது 10, வரும்போது 3 என்று நின்றால் எங்கோ பல் தாண்டுகிறது. அந்த ரீலைத் திருப்பி வைத்துவிடுங்கள். அதே மாடலில் இன்னொன்றை எடுத்துச் சோதித்தால் அது சரியாக இருப்பதும் உண்டு. மலிவு ரீலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

0க்குக் கொண்டுவரும் பொத்தானையும் பத்துத் தடவை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எல்லா உருளையும் 0இல் நேராக நிற்க வேண்டும். பாதி 9, பாதி 0 என்று இடையில் நின்றால் வீட்டில் அது மோசமாகத்தான் ஆகும்.

பிறகு கைப்பிடி. ஸ்பூல் பூட்டிய நிலையில் கைப்பிடியைப் பின்பக்கம் தள்ளுங்கள். கொஞ்சம் ஆடி நிற்பது பரவாயில்லை. கால் சுற்று பின்னால் போய் 'டக்' என்று அடித்தால் பின்சுற்றை உள்ளே வேறொரு நாக்கு மட்டும்தான் தடுக்கிறது, அதற்கான தடுப்பு பேரிங் இல்லை அல்லது போய்விட்டது. டிரோலிங்குக்கு அது சாவுக்குற்றம் இல்லை, பேரம் பேசக் காரணம்.

கிளிக்கரைப் போட்டு ஸ்பூலை இழுங்கள். சத்தம் பெரிதாக, ஒரே சீராக வர வேண்டும். கோல் தாங்கியில் இருக்கும்போது மீன் அடித்ததை என்ஜின் சத்தத்துக்கு மேலே உங்களுக்குச் சொல்வது கிளிக்கர்தான். கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, கயிறு வழிகாட்டி இடக் கடைசிக்கும் வலக் கடைசிக்கும் போய்த் திரும்புவதைப் பாருங்கள். திரும்பும் இடத்தில் தயங்கினால் வேண்டாம். அந்த வழிகாட்டியின் துளை வழுவழுப்பாக இருக்க வேண்டும். விரல் நகத்தை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். நகத்தை எது பிடிக்கிறதோ அது பிரெய்டை அறுக்கும்.

பழைய ரீல் வாங்குகிறவர்கள் இத்தனையும் செய்துவிட்டு, கூடுதலாகக் கவுண்டர் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா என்றும், ரீல் காலின் திருகாணிகளைச் சுற்றிப் பச்சைப் பாசி போல் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் உப்புத் தண்ணீரின் கையெழுத்து.

ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் வாங்குவதானால் கையில் எடுத்துப் பார்க்கும் வசதி போய்விடுகிறது. ஆகவே திருப்பி அனுப்ப அனுமதிக்கும் கடையா என்று பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்து 20 சுற்றுச் சோதனைவரை கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். 'ஓரி' (அசல்) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதற்கு மதிப்பில்லை. கம்பெனி தன் பக்கத்தில் போட்டிருக்கும் எடையைச் சமையல் தராசில் ரீலை வைத்து ஒப்பிடுங்கள்; 50, 60 கிராம் குறைந்தால் உள்ளே வேறு உலோகமாக இருக்கலாம். கயிறு சுற்றுவதற்கு முன்னால் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். கயிறு சுற்றிய ரீலைத் திருப்பி எடுக்க யாரும் ஒப்ப மாட்டார்கள்.

கயிறு சுற்றுவது: தப்பு நடப்பது இங்கேதான்

கம்பெனி நிரம்பிய ஸ்பூலை வைத்துத்தான் கவுண்டரை அளவு செய்திருக்கும். நீங்கள் பாதி சுற்றினால் ஸ்பூலின் விட்டம் 50 மி.மீ.க்குப் பதில் 40 ஆகிறது. ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ. போக வேண்டிய இடத்தில் 12.6 செ.மீ.தான் போகும். கவுண்டர் 30 என்னும், வெளியே இருப்பது 24. 'ரீல் மோசம்' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பாதி சுற்றிய ஸ்பூல்தான்.

150 மீட்டர் பிரெய்டு மட்டும் சுற்றினால் ஸ்பூல் நிரம்பாது. அடியில் தங்கூசி வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெட்டியில் 0.40 மி.மீ. தங்கூசி 240 மீட்டர் பிடிக்கும் என்று போட்டிருக்கிறது, உங்கள் பிரெய்டு 0.28 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.40ஐ 0.28ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 2.04. ஆக 150 மீட்டர் பிரெய்டு, சுமார் 74 மீட்டர் தங்கூசியின் இடத்தைப் பிடிக்கும். மீதி 166 மீட்டர் இடத்துக்குத் தங்கூசி சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றும் கையைப் பொறுத்து முன்பின் ஆகும், ஆகவே 155, 160இல் நிறுத்திவிட்டு பிரெய்டைக் கட்டுங்கள். கடைசியில் கயிறு விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ. கீழே நிற்கட்டும். அதற்குமேல் நிரப்பினால் வழிகாட்டியில் உரசும்.

தங்கூசி அடியில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேராகக் கட்டினால் அது ஸ்பூலைப் பிடிக்காது. மீன் இழுக்கும்போது மொத்தக் கயிறும் ஒரே கட்டியாக ஸ்பூல் மேல் வழுக்கும். டிராக்கை எவ்வளவு திருகினாலும் பயன் இருக்காது, கவுண்டரும் அசையாமல் நிற்கும். ரீல் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள். கெட்டது ரீல் இல்லை.

பிரெய்டை ஈரத்துணியால் பிடித்து இறுக்கியே சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் மேல் கயிறு கீழ் அடுக்குக்குள் புதைந்து, அடுத்த தடவை விடும்போது நின்று நின்று போகும். இரண்டையும் இணைக்கும் முடிச்சு மெலிதாக இருக்கட்டும். யூனி முடிச்சை எதிரெதிராகப் போட்டு இறுக்கி, வால்களை ஒட்ட நறுக்கினால் போதும். லீடர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: தோமானுக்குப் பல் இருக்கிறது, வயரோ தடித்த தங்கூசியோ வேண்டும்தான். அது ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நீளமாக வைத்தால் லீடர் முடிச்சு ஒவ்வொரு தடவையும் வழிகாட்டிக்குள் இழுபட்டு, நாக்கைத் தேய்க்கும்.

ஏரியில் ஏன் தங்கூசியைவிடப் பிரெய்டைச் சொல்கிறோம்? 35 மி.மீ. அகலமுள்ள ஸ்பூலில் 60 மீட்டர் விட்டால், 0.28 பிரெய்டில் ஆரம் 1 மி.மீ.கூடக் குறையாது; 0.55 தங்கூசியில் 3 மி.மீ.க்கு மேல் குறையும். பிரெய்டில் கவுண்டரின் பிழை சுமார் 1 மீட்டரில் நிற்கும், தங்கூசியில் 4 மீட்டரை எட்டும். தங்கூசி நீளவும் செய்யும். ஆனால் பிரெய்டு நீளாததால் மீனின் வாய் கிழியும். கோல் கொஞ்சம் வளையும் ஜாதியாகவும் டிராக் இளக்கமாகவும் இருக்க வேண்டும்.

செம்பனை நிரையில் அளவெடுப்பது

படகுக்குப் போகும் முன் ரீலுக்கு ஒரு முறை அளவெடுத்தே ஆக வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்படுவது. ஒரு நிரையில் ஏழு மரம் கடந்தால் ஆறு இடைவெளி, 54 மீட்டர். இது கண்ணளவு சரிபார்ப்புக்கு. உண்மையான அளவுக்கு 30 மீட்டர் அளவு டேப் வேண்டும், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தோட்டத்துத் திடல் காலியாக இருந்தால் இன்னும் நல்லது. நிரையில் மட்டை குவித்த பக்கம் போகாமல், குலை ஏற்றும் பாதைப் பக்கமாக நில்லுங்கள். மட்டை முள்ளில் பிரெய்டு மாட்டினால் அத்தோடு சரி.

கயிற்று நுனியை ஒரு மரத்தின் பக்கத்தில் அறைந்த குச்சியில் கட்டுங்கள். டேப்பை அங்கிருந்து நேராக விரித்து, 10, 20, 30 மீட்டரில் அடையாளம் வையுங்கள். பிறகு டேப்பை நகர்த்தி 45, 60. கோலோடு குச்சிக்குப் பக்கத்தில் நின்று, கோல் நுனி குச்சியைத் தொடும் நிலையில் கவுண்டரை 0 செய்யுங்கள். கிளிக்கர் போட்டு, ஸ்பூலை விடுவித்து, கட்டைவிரலை லேசாக வைத்தபடி பின்னால் நடங்கள். கயிறு தரையில் தொய்யக் கூடாது, விறைத்தும் நிற்கக் கூடாது. கோல் நுனி அடையாளத்துக்கு நேரே வரும்போது எண்ணைப் படியுங்கள்; இன்னொருவர் எழுதினால் வேலை சுலபம். மூன்று முறை செய்யுங்கள்.

30 மீட்டர் என்பது 98 அடி. மூன்று முறையும் 103, 104, 104 என்று வந்தால் ரீல் நம்பத்தக்கது, உங்கள் ஸ்பூல் கொஞ்சம் குறைவாக நிரம்பியிருக்கிறது என்று பொருள். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் '10, 20, 30, 45, 60' என்று மேலேயும், ஒவ்வொன்றுக்கும் வந்த எண்ணைக் கீழேயும் எழுதி ரீலின் பக்கத் தகட்டில் ஒட்டிவிடுங்கள். இனிப் படகில் அடியை மீட்டராக்க வேண்டாம், டேப்பைப் பார்த்தால் போதும். மூன்று முறையும் மூன்று எண் வந்தால், ரீலைக் குறை சொல்வதற்கு முன்னால் கயிறு அடியில் வழுக்குகிறதா, தளர்வாகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் ரீல்.

அதே இடத்தில் டிராக்கையும் வைத்துவிடலாம். பயணப்பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும். கயிற்று நுனியைத் தராசில் மாட்டி, கோலைச் சாய்வாகப் பிடித்து, ஒருவர் மெதுவாக இழுக்கட்டும். ஸ்பூல் நகரத் தொடங்கும்போது காட்டும் எடையையும், நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டும் எடையையும் பாருங்கள். 2.5 கிலோவில் தொடங்கி 2.3இல் ஓடினால் நல்ல டிராக். 4 கிலோவரை பிடித்துவைத்துத் திடீரென்று 2க்கு விட்டால் வாஷர் ஒட்டுகிறது. முதல் அடியிலேயே கயிறோ மீனின் வாயோ போகும். வாஷரைக் கழற்றித் துடைத்து, டிராக்குக்கென்று விற்கும் கிரீஸை மெலிதாகப் பூசினால் பல நேரம் சரியாகும். கம்பளி வாஷர் கடினமாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள்.

படகில்

ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் 0 செய்யுங்கள். லூர் தண்ணீரைத் தொடும்போது என்றால் எப்போதும் அப்படியே. ஒரு தடவை லூர் கையில் இருக்கும்போதும், அடுத்த தடவை தண்ணீரில் இருக்கும்போதும் 0 செய்தால் கோல் நீளம் அளவுக்கு, 2 மீட்டர், பிழை அங்கேயே வந்துவிடும். படகு வேகமாக நடக்கிற ஆளின் வேகத்தில், மணிக்கு 5, 6 கி.மீ.யில் போகட்டும், கயிறு விடும்போதும் அதே வேகம். இரண்டு கோல் என்றால் ஒன்றை 25, மற்றதை 40 மீட்டரில் வையுங்கள். இரண்டையும் ஒரே தூரத்தில் விட்டுப் படகைத் திருப்பினால் லூர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளும், பிரிக்க அரை மணி நேரம். திருப்பத்தையும் அகலமாக எடுங்கள்.

மீன் அடித்ததும் எல்லாரும் கோலுக்குப் பாய்வார்கள். அதற்கு முன் ஒருவர் எண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மீன் டிராக்கை இழுக்க இழுக்கக் கவுண்டரும் ஏறும். பத்து நொடி கழித்துப் பார்த்தால் அது மீன் ஓடிய தூரம், அடித்த தூரம் இல்லை. கயிறு மாட்டியிருப்பது மரமா மீனா என்பதையும் கவுண்டர் சொல்லும்: மரம் என்றால் படகின் வேகத்துக்கே சீராக ஏறும், மீன் என்றால் விட்டு விட்டு ஏறும்.

வாடகைப் படகுகளில் கோல்தாங்கி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சொந்தத் தாங்கியைக் கொண்டுபோய் இறுக்கி, ரீலின் மேல்பக்க வளையத்திலிருந்து படகுக்கு ஒரு துண்டுக் கயிறும் கட்டிவையுங்கள். தெமெங்கோர் அடியில் கோலோடு போன ரீல்கள் எத்தனை கிடக்கின்றனவோ! ராயல் பெலும் பூங்கா எல்லைக்குள் போவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படகுக்காரரிடம் முந்தின வாரமே கேட்டுவிடுங்கள்.

கெடுவதும் காரணமும்

எண் ஓடாமல் நிற்கிறது, கயிறு மட்டும் போகிறது: கயிறு ஸ்பூலில் வழுக்குகிறது, அல்லது ஸ்பூலிலிருந்து கவுண்டருக்குப் போகும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. சில மாடல்களில் கவுண்டர் வழிகாட்டியின் தண்டோடு இணைந்திருக்கும். வழிகாட்டி நின்றால் எண்ணும் நிற்கும். முதலில் வழிகாட்டியைப் பாருங்கள்.

வழிகாட்டி ஒரு பக்கத்திலேயே நிற்கிறது: நாக்கு தேய்ந்துவிட்டது, அல்லது திருகுத் தண்டின் பள்ளத்தில் செம்மண் தூசி அடைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் பின்னால் கோலைத் திறந்தபடி கட்டிக்கொண்டு தோட்டப் பாதையில் வந்தால் இது நிச்சயம். பழைய சாக்ஸ் ஒன்று ரீலுக்கு உறையாகப் போதும். பள்ளத்தைப் பல்துலக்கியால் தேய்த்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கெட்டிக் கிரீஸ் தூசியைப் பிடித்துவைக்கும், அது வேண்டாம்.

கண்ணாடிக்குள் பனி மூட்டம்: உள்ளே ஈரம். எண்ணெய் ஸ்பிரேயை அந்த இடுக்கில் அடிக்காதீர்கள். உருளைகள் பிளாஸ்டிக், எண்ணெயில் ஒட்டிக்கொண்டு இரண்டு எண்ணாக நகரும். வெயிலில் காயப்போடவும் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு இரண்டு நாள் வையுங்கள்.

கடலுக்குப் போய் வந்தால் டிராக்கை இறுக்கிவிட்டு, சொட்டும் தண்ணீரில் ரீலின் வெளிப்புறத்தை மட்டும் நனைத்துக் கழுவுங்கள். குழாயை அழுத்தி அடித்தால் உப்பு உள்ளே தள்ளப்படும். துடைத்துக் காய்ந்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் நசுங்கி, அடுத்த பயணத்தில் ஒட்டும். ஏரித் தண்ணீருக்கு ஈரத்துணித் துடைப்பே போதும்.

பிரெய்டு வெட்டி வெட்டிக் குறைந்து 20 மீட்டர் போனாலும், புதுக் கயிறு சுற்றினாலும், பக்கத் தகட்டில் ஒட்டிய எண்கள் செல்லாது. அந்த டேப்பைக் கிழித்துவிட்டு, குச்சியையும் 30 மீட்டர் டேப்பையும் எடுத்துக்கொண்டு மறுபடி நிரைக்குப் போக வேண்டும்.